கவரைப் பிரிக்கும் கைக்கும் பொறுப்பு உண்டு!

"பிஷப் ஆபீஸ்லயா வேலை? குடுத்து வச்சவ! ஜெபம் பண்ணிட்டு, நாலு லெட்டர் டைப் அடிச்சுட்டு, மாசம் பொறந்தா சம்பளம் வாங்கிடலாம்" என்று என்னிடம் சொல்லாத உறவுக்காரர்களே இல்லை. தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு பேராயர் அலுவலகத்தில் பல வருஷம் நிர்வாகப் பணி பார்த்தவள் என்ற முறையில், அந்த மேஜையைப் பற்றி என் மனதில் பட்டதைச் சகோதரிகளுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

எங்கள் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், ஏற்கெனவே ஒன்றாக இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அன்று ஒன்று சேர்ந்தன. பிஷப் என்ற பொறுப்பு, ஆங்கிலிக்கன் வழியில் எங்களுக்கு வந்தது. குருப்பட்டம் கொடுப்பது, திடப்படுத்தல் ஆராதனை நடத்துவது மட்டும்தான் அவர் வேலை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஐயர்மார் டிரான்ஸ்பர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், நிலம், கோர்ட் கேஸ் என்று அத்தனையும் அந்த அறைக்குத்தான் வந்து சேரும். எல்லாவற்றுக்கும் முதல் வாசல், கவரைப் பிரிக்கிற நிர்வாகியின் மேஜை.

தினம் வரும் தபாலில் பாதி, "ஆலயப் பிரதிஷ்டைக்குத் தேதி கொடுங்கள்", "என் மகளுக்கு டீச்சர் வேலை வேண்டும்", "எங்கள் ஐயரை மாற்றாதீர்கள்" என்ற ரகம். அவற்றைப் பிரித்து அடுக்கி, டைரியில் குறித்து, பதில் தயார் செய்வதில் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் வேறு ரகத்தில் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில், கோணல் எழுத்தில், "அம்மா, இதை பிஷப் ஐயா கையிலயே குடுத்துருங்க" என்று வரும். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையைப் பற்றித் தாய் எழுதியிருப்பாள். மேலதிகாரியின் நடத்தையைப் பற்றி ஒரு டீச்சர் எழுதியிருப்பார். புருஷனின் அடியைப் பற்றி, யாரிடமும் சொல்ல முடியாத ஒருத்தி எழுதியிருப்பாள்.

இந்த மாதிரி கடிதம் வந்தால் உடனே ஒரு பெரியவர் வந்து நிற்பார். "ஐயா ஏற்கெனவே மனக்கஷ்டத்துல இருக்காங்க. இதையெல்லாம் காட்டாதீங்க. சபையோட மானம் இருக்குல்ல?" என்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சபைமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். நான் பதில் பேசுவதில்லை. கடிதம் வந்த அன்றைக்கே தபால் நோட்டில் தேதி போட்டு, நம்பர் போட்டு, யாருக்குப் போனது என்று எழுதி, கையெழுத்து வாங்கி விடுவேன். நம்பர் விழுந்த கடிதத்தை அவ்வளவு லேசில் யாரும் விழுங்க முடியாது!

"இதென்ன பெரிய விஷயம், குமாஸ்தா வேலைதானே?" என்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர், கிறிஸ்தவ முகாம்களுக்கு வந்த பையன்களைக் கொடூரமாக அடித்துத் துன்புறுத்தினார். 1982-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப்பட்டது. ஆனால் போலீசுக்குப் போகவில்லை. அந்த ஆள் ஆப்பிரிக்கா போய், அங்கேயும் அதையே செய்தார். 2013-ல் விஷயம் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியின் காதுக்கு வந்தது. அப்போதும் உரிய நடவடிக்கை இல்லை. 2018-ல் தண்டனையே இல்லாமல் ஸ்மித் இறந்து போனார். விசாரணை அறிக்கை வெளிவந்தது 2024 நவம்பரில். பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். சில நாட்களிலேயே வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். உலகம் முழுவதும் உள்ள ஆங்கிலிக்கன் சபைகளின் மூத்த பேராயரே நாற்காலியை விட்டு இறங்க வேண்டி வந்தது. தாளை அலமாரியில் தூங்க வைத்ததால் சபையின் மானம் காப்பாற்றப்பட்டதா? நீங்களே சொல்லுங்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2012-ம் வருட போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிய வந்தால், யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைமையில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. கவரைப் பிரித்தவளுக்கும் இது பொருந்தும். 2013-ம் வருடச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களில், பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்க ஒரு பெண்ணின் தலைமையில் குழு இருக்க வேண்டும்.

"பொய்ப்புகாரும் வருமே?" என்று கேட்கலாம். வரும். டிரான்ஸ்பர் சமயத்தில் மொட்டைக் கடிதம் மழை மாதிரி கொட்டும். அதில் எது பொய், எது நிஜம் என்று விசாரணைதான் சொல்ல வேண்டும். மேஜையில் உட்கார்ந்திருக்கிறவள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "கிறிஸ்தவர்கள் மன்னிக்க வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். மன்னிப்பது அடிபட்டவரின் உரிமை. அவர் சார்பில் நாம் மன்னித்து, கடிதத்தைக் கிழித்துப் போட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பெண்கள் தலைமைக்கு வந்தால் எல்லாம் சரியாகி விடும் என்கிறார்கள். எங்கள் திருச்சபைக்கு 2013-ல் முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா வந்தார். நர்ஸாக வேலை பார்த்த சாரா முல்லாலி, கேன்டர்பரியின் முதல் பெண் பேராயராக 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், உள்ளே யார் உட்கார்ந்தாலும், வெளி மேஜையில் கடிதம் காணாமல் போனால் அவருக்கு எதுவுமே தெரியப் போவதில்லை.

கடிதம் எழுதும் சகோதரிகளுக்கும் சில வார்த்தை. பிஷப் ஆபீசோ, கலெக்டர் ஆபீசோ, பள்ளிக்கூடமோ... எங்கே மனு கொடுத்தாலும் தேதி, இடம், நடந்தது என்ன என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். நேரில் கொடுத்தால், "இந்தக் காப்பியில ஒரு சீல் போட்டுத் தாங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குழந்தை விஷயம் என்றால் யார் பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம். நேராகப் போலீசுக்குப் போங்கள், அல்லது 1098-க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கு 181 இருக்கிறது.

என்னைப் போல வெளி மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண்களே, உங்களை யாரும் மேடையில் ஏற்றி மாலை போடப் போவதில்லை. இருந்தாலும், ஒரு தாய் நம்பி அனுப்பிய கடிதம் உங்கள் கையில் இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு நம்பர் போடுங்கள். அதுவும் ஊழியம்தான்!

— பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி.