முடிந்துபோனதாகச் சொல்லப்படும் ஓவியம்

அவுரங்கசீப்போடு முகலாய ஓவியம் முடிந்தது, அதன்பின் வந்ததெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனி துரைமாருக்கான நினைவுப் பரிசு என்றொரு வாதம் சளைக்காமல் சுற்றிவருகிறது. சொல்பவர்கள் டெல்லி அரண்மனை ஓவியர் குலாம் அலி கான் 1837-38இல் தீட்டிய, கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபரின் படத்தைக் கொஞ்சம் நின்று பார்த்திருந்தால் தேவலை.

அறுபதைக் கடந்து பட்டமேறியவர் ஜஃபர். அரியணையில் அவர், அருகே மகன் மிர்சா பக்ருதீன். முத்தும் தங்கமும் வழக்கம்போல உண்டு. முகத்துக்கு வாருங்கள்: பொடிப் புள்ளிகளாகத் தூரிகை வைத்துக் கொண்டுவந்த நிழலில் ஒட்டிய கன்னம். முதுமையை மறைக்க ஓவியர் மெனக்கெடவே இல்லை.

ஐரோப்பியச் சாயல் கலந்துவிட்டதாம்! ஜஹாங்கீரின் ஓவியர்கள் ஐரோப்பிய அச்சுப்படங்களிலிருந்து சிறகு முளைத்த குழந்தைகளையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அங்கே மேதைமை, இங்கே மட்டும் அடிமைத்தனமா?

குலாம் அலி கான் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் ஸ்கின்னருக்கும் வரைந்தார், உண்மை. அரண்மனைச் சம்பளம் மட்டும் போதாத காலம் அது. 1803 முதல் டெல்லிச் செங்கோட்டை அரண்மனை கம்பெனி தரும் உதவித்தொகையில் ஓடியது. 1835இல் தன் நாணயங்களிலிருந்து பேரரசர் பெயரையே கம்பெனி நீக்கிவிட்டது. இரண்டே ஆண்டுகளில், மகனைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு சிம்மாசனப் படம்! இதைத் துரைக்கு வைத்த சலாம் என்று எப்படிப் படிக்க முடியும்? வம்சம் இருக்கிறது என்று அரண்மனை சொன்ன பதில் இது.

நியூயார்க்கின் ஏஷியா சொசைட்டி, அவுரங்கசீப் இறந்த 1707 முதல் 1857 வரையிலான டெல்லி ஓவியங்களுக்கென்றே 2012இல் கண்காட்சி நடத்தியது. முகலாய ஓவியத்துக்குக் கருமாதி செய்தவர்கள் அந்த நூற்றைம்பது ஆண்டுகளை எங்கே வைப்பார்கள் என்று முதலில் சொல்லட்டும்.