பன்னிரண்டு மாதப் பாதுகாப்பு

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைக் குடும்பத்தைக் குலைக்கவந்த மேனாட்டுச் சரக்கெனத் தூற்றினோர் உளர். அடியும் உதையும் குலைக்காத குடும்பத்தை நீதவானின் கட்டளையொன்று குலைத்துவிடும் என்பது விசித்திரமான தர்க்கமே.

உண்மையில் அது மிக அடக்கமான சட்டம். வீட்டு வன்முறையைத் தனிக் குற்றமாக அது வகுக்கவில்லை. அடித்தவனை அணுகாதே எனத் தடுக்கவே வழிசெய்தது. பாதுகாப்புக் கட்டளைக்கு ஆகக்கூடியது 12 மாதங்கள். பதின்மூன்றாம் மாதத்தில் அவன் கை தானே ஓய்ந்துவிடுமெனச் சட்டமியற்றியோர் நம்பினர் போலும்!

பாதிக்கப்பட்டவள் கோரின், அவளைத் தற்காலிக இல்லமொன்றில் சேர்ப்பிக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆயின் அவ்வில்லத்தின் சோற்றுக்கும் பாய்க்கும் பணம் யார் தருவது? அச்சட்டம் அதற்கென எந்த நிதியத்தையும் நிறுவவில்லை. சுமையிற் பெரும்பங்கு தொண்டர் நிறுவனங்களின் தலையில் விழுந்தது. அவையோ பிறர் தரும் உதவியில் வாழ்பவை. போக்கிடமற்ற பெண் கட்டளைத்தாளும் கையுமாக அதே வாசலுக்குத் திரும்புகிறாள். அயலார் அதனைச் 'சமாதானம்' என்கின்றனர்.

ஆபத்து நீங்கும்வரை கட்டளையைப் புதுப்பிக்கும் அதிகாரம் நீதவானுக்குத் தெளிவாக வழங்கப்படல் வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும் இயங்கத் திறைசேரி ஆண்டுதோறும் பணம் ஒதுக்கல் வேண்டும்; அத்தொகை வரவுசெலவுத் திட்டத்திலே தனித் தலைப்பின் கீழ், எவரும் காணக்கூடியதாய் இருத்தல் வேண்டும்.