பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவன் எல்லாம் திருடனா?

என் தம்பி மவன் ஒரகடத்துல ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். ஷிப்டு முழுக்க ஒரே மாதிரி போல்ட்டை முடுக்கணும். போன தை மாசம் காயலான் கடையில ஒரு பழைய இரும்புப் பெட்டியை எடைக்கு வாங்கிட்டு வந்தான். சாவி கிடையாது, டயலைச் சுத்தி நம்பர் வெச்சுத் திறக்கிற பூட்டு. நம்பர் கடைக்காரருக்கும் தெரியாது. ராத்திரியில டயலைத் திருகுறதும் கிராப் நோட்டுல புள்ளி வைக்கிறதுமா ஒரு மாசம் உட்கார்ந்தான். திறந்துட்டான். உள்ளே ஒண்ணுமில்லை.

சேதி தெரிஞ்சதும் அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டார். எனக்கு ஆத்திரமே இதுலதான்.

அவன் செஞ்சது என்னன்னு பாருங்க. பூட்டுக்குள்ள மூணு சக்கரம், ஒவ்வொண்ணுலயும் ஒரு வெட்டு. மூணு வெட்டும் ஒரே நேர்ல வந்தா மேலே நிக்கிற தண்டு அதுல இறங்கும், தாழ்ப்பா விலகும். எந்தச் சக்கரமும் துல்லியமா ஒரே அளவுல இருக்காது. அதனால வெட்டு வர்ற இடத்துல டயல் தட்டுப்படுறது அரைக் கோடு, கால் கோடு மாறும். அதைக் கையால உணர்ந்து குறிச்சுக்கணும். பம்புசெட்டு சத்தத்தை வெச்சே தண்ணி ஏறுதா இல்லையான்னு நாம சொல்றோமே, அந்த மாதிரி. திருட வர்றவனுக்கு இவ்வளவு பொறுமை ஏது? கடப்பாரையோட வருவான். (இந்தப் பக்கம் ஏக்கர் கணக்குல நிலம் கை மாறினப்போ எந்தப் பூட்டு உடைஞ்சுது? எல்லாம் கையெழுத்துலதான் போச்சு.)

அமெரிக்காவுல அணுகுண்டு செஞ்ச லாஸ் அலமாஸ்ல வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபெயின்மனுக்கும் இதே பைத்தியம்தான். 1965ல நோபல் வாங்கின விஞ்ஞானி. டயல்ல 100 கோடு, மூணு நம்பர்னா 10 லட்சம் வகை. ரெண்டு கோடு முன்னபின்ன இருந்தாலும் பூட்டு திறக்கும்னு கண்டுபிடிச்சார், 8,000 ஆயிடுச்சு. பெட்டி திறந்து கிடந்தா கடைசி ரெண்டு நம்பரையும் எடுத்துடலாம், மிச்சம் 20 தான். ஓக் ரிட்ஜ்ல ஒரு கர்னலோட பெட்டியைத் திறந்தே காட்டி, வேலை நேரத்துல இப்படித் திறந்து போடாதீங்கன்னு சொன்னார். கர்னல் என்ன பண்ணார் தெரியுமா? ஃபெயின்மன் எந்தெந்த ரூமுக்கு வந்து போனாரோ, அவங்க எல்லாம் நம்பரை மாத்தணும்னு உத்தரவு போட்டார்!

நம்ம வீட்டுக்காரரும் அந்தக் கர்னல் ஜாதிதான்.

அடுத்தவன் பெட்டியை அவன் சம்மதம் இல்லாம தொடக்கூடாது, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தன் காசுல வாங்கின பெட்டியைத் திறந்தா யாருக்கு என்ன? திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ பெருமைப்பட்டோம். அங்கே கையால பூட்டு செய்யற ஆளுங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. பூட்டோட உள்வேலையை ஆசையா படிக்கிற ஒரு பையனை இங்கே சந்தேகப்பட்டு விரட்டுறோம்.

இப்போ எங்க வீட்லேர்ந்துதான் கம்பெனி பஸ் பிடிக்கிறான். பெட்டி மாட்டுக் கொட்டாயில இருக்கு. புது நம்பர் வெச்சு, "பெரியப்பா, இப்ப நீங்க திறங்க"ன்னு விட்டுட்டான். நான் இன்னும் முதல் சக்கரத்துலயே நிக்கிறேன்.