மறுபடியும் லெமன் சாதமா? லஞ்ச் பாக்ஸ் ஏன் போரடிக்கிறது, எப்படி மாற்றலாம்?

மதியம் ஒரு மணி. தி.நகரில் ஏதோ ஓர் அலுவலகத்தின் பேன்ட்ரி. ஆறு பேர் டப்பாவைத் திறக்கிறார்கள். மூன்று பேருக்கு லெமன் சாதம், இரண்டு பேருக்குத் தயிர் சாதம், ஒருவருக்கு நேற்றிரவு சப்பாத்தி. தொட்டுக்கொள்ள நான்கு டப்பாவில் உருளைக்கிழங்கு. "இன்னிக்கும் இதேவா?" என்று ஒருவர் மூடியை மூடிவிட்டு போனை எடுக்கிறார். அரை மணி நேரத்தில் பிரியாணி வந்துவிடும். காலையில் ஆறு மணிக்கு எழுந்து ஒருவர் கட்டிக்கொடுத்த சாதம், சாயங்காலம் அப்படியே வீடு திரும்பும்.

சின்ன விஷயம்தான். ஆனால் இதற்குள் மாதச் செலவு இருக்கிறது, உடல்நலம் இருக்கிறது, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. 'வாரம் முழுக்க லஞ்ச் பாக்ஸ் ரெசிபி' வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. பார்த்து, சேவ் பண்ணியும் வைக்கிறோம். ஆனாலும் புதன்கிழமை வந்தால் புளி சாதம்தான். ஏன்?

ஏன் எப்போதும் கலந்த சாதம்?

காரணம் கற்பனைப் பஞ்சம் இல்லை, கடிகாரம்.

மும்பையின் டப்பாவாலா முறை 1890-ல் தொடங்கியது. அங்கே சாப்பாடு, அலுவலகம் போகிறவரோடு சேர்ந்து கிளம்புவதில்லை. அவர் போன பிறகு சமைத்து, முற்பகலில் வேறொருவர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். நம் கதை வேறு. அடையாறிலோ மயிலாப்பூரிலோ இருந்து எட்டு மணிக்குப் பஸ் பிடிப்பவர், டப்பாவைத் தன் பையிலேயே கொண்டுபோகிறார். ஏழு மணிக்குக் கட்டிய சோறு ஒரு மணி வரை, அதாவது ஆறு மணி நேரம், சென்னை வெயிலில் தாங்க வேண்டும். பையில் கொட்டக் கூடாது. சூடு இல்லாமலும் சாப்பிட முடிய வேண்டும். காலையில் இருபது நிமிடத்துக்குள் முடியவும் வேண்டும்.

இந்த நிபந்தனைகளை எல்லாம் தாண்டி வருவது புளி சாதம், லெமன் சாதம், தயிர் சாதம் மாதிரி சில வகைகள்தான். புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் சோறு சீக்கிரம் கெடாது. பயணத்துக்குக் கட்டுசாதம் கட்டிய காலத்திலிருந்தே நமக்கு இது தெரியும். 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களிலும் மதியத்துக்கு சாம்பார் சாதம், தயிர் சாதம் போன்றவைதான். நிறையப் பேருக்கு, குறைந்த செலவில், ஒரே பாத்திரத்தில் என்று யோசித்தால் வந்து நிற்கும் இடம் அதுவே.

அதனால் இன்னும் பத்து ரெசிபி கற்றுக்கொண்டாலும் பெரிதாக எதுவும் மாறாது. காலை இருபது நிமிடத்தின் சுமையைக் குறைத்தால்தான் டப்பா மாறும்.

ஆர்டர் பண்ணிட்டா முடிஞ்சுதே?

முடியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். உணவு டெலிவரி ஆப்கள் 2023-ல் பிளாட்ஃபார்ம் கட்டணத்தைத் தொடங்கியபோது அது ஆர்டருக்கு 2 ரூபாய். இரண்டே ஆண்டுகளில் பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஆப் வழியாக நடக்கும் டெலிவரி சேவைக்கும் 18% ஜிஎஸ்டி உண்டு. சாப்பாட்டுக்கான 5% தனி.

ஓர் உதாரணம். சாப்பாடு 150 ரூபாய், டெலிவரி 30, பிளாட்ஃபார்ம் கட்டணம் 12 என்று வைத்துக்கொள்வோம். வரிகளையும் சேர்த்தால் பில் சுமார் 207 ரூபாய். இதில் 57 ரூபாய் உங்கள் தட்டுக்கு வரவே இல்லை. மாதம் 22 வேலை நாள் என்றால், இந்த மேல்செலவு மட்டுமே 1,250 ரூபாய்க்கு மேல். மொத்தச் செலவு 4,500-ஐத் தாண்டும். ஷேரிங் ரூமில் தங்கி, முதல் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்புகிறவருக்கு இது பெரிய தொகை.

டப்பாவில் என்ன குறைகிறது?

காரம், புளிப்பு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. குறைவது புரதமும் காய்கறியும்.

ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் உணவு குறித்த முடிவுகள் 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியாகின. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு இது. நாடு முழுக்க 1,21,077 பேரிடம் தகவல் திரட்டப்பட்டது. நாம் சாப்பிடும் கலோரியில் 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்தின் பங்கு 12%தான் என்கிறது அது. இதே ஆய்வுத் தொடரின் 2023 அறிக்கை, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

இதில் லஞ்ச் பாக்ஸுக்கான செய்தி ஒன்று உண்டு. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றிவிட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைப் பருப்பு, பயறு, பால் பொருட்களின் புரதத்தால் நிரப்பியவர்களிடம் அபாயம் குறைவாக இருந்தது. அதாவது 'சோத்துக்குப் பதில் சப்பாத்தி' போதாது. பாதிச் சோற்றுக்குப் பதில் சுண்டல் வேண்டும்.

ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஒரு நாள் உணவுத் தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்கிறது. நம் டப்பாவில் அந்த இடம் ஒரு மூலையில் இருக்கும் குட்டிக் கிண்ணம். அதிலும் உருளைக்கிழங்கு.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பொதுப் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம். ஒரு கப் சோற்றில் இருப்பது சுமார் 4 கிராம்தான். இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையில் (ஊறவைப்பதற்கு முன் 50 கிராம்) கிட்டத்தட்ட 10 கிராம். மூன்று மணிக்குக் கண் சொக்கி, டீக்கடைக்கு ஓடுவதற்கும் இந்தச் சோற்று மலைக்கும் தொடர்பு உண்டு.

சரி, எப்படி மாற்றுவது?

காலையில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு மணி நேரம் போதும். நான்கு வேலைகள்:

1. கறுப்புக் கொண்டைக்கடலையைக் காலையிலேயே ஊறப்போட்டு, சாயங்காலம் வேகவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளைக்கு வரும்.

2. பருப்பு உசிலிக்கு அடித்தளம் போடுங்கள். ஊறவைத்த துவரம்பருப்பை மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து வையுங்கள். காலையில் பீன்ஸோ கொத்தவரங்காயோ சேர்த்து வதக்கினால் பத்து நிமிட வேலை. காயும் புரதமும் ஒரே கறியில் வந்துவிடும். மயிலாப்பூர் வீடுகளுக்கு இது புதிதல்ல. புதிது என்னவென்றால், தொட்டுக்கொள்ளக் கொஞ்சமாக வைக்காமல் டப்பாவின் பாதியை அதற்கே கொடுப்பது.

3. ஒரு பொடி, ஒரு தொக்கு. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, தக்காளித் தொக்கு எதுவானாலும் சரி. செய்ய நேரமில்லையா? வாங்குவதில் தப்பே இல்லை. அடையாறு காந்தி நகர் கிராண்ட் ஸ்வீட்ஸில் புளிக்காய்ச்சலும் தொக்கும் பாட்டிலில் கிடைக்கும். மயிலாப்பூர் கச்சேரி சாலையின் டப்பா செட்டிக் கடையில் அங்காயப் பொடி கேட்டுப் பாருங்கள்.

4. காய் வாங்கியதும் கேரட், பீன்ஸ், கோஸ் மூன்றையும் நறுக்கித் தனித்தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு வாங்குவது சுலபம். நறுக்குவதுதான் பிரச்னை.

இதை வைத்துக்கொண்டு ஐந்து நாளை ஓட்டலாம்:

திங்கள்: புளி சாதம் வழக்கத்தில் பாதி, மீதி இடம் முழுக்கச் சுண்டல், நறுக்கிய வெள்ளரி.

செவ்வாய்: கொஞ்சம் சோறு, பருப்புப் பொடி, நல்லெண்ணெய், பாதி டப்பா பீன்ஸ் உசிலி.

புதன்: லெமன் சேவை, இரண்டு அவித்த முட்டை அல்லது வறுத்த பனீர், கேரட் பொரியல். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள், கசக்காது.

வியாழன்: அடை. அரிசியைவிடப் பருப்பு கூடுதலாகப் போட்டு அரைத்த மாவு. தொட்டுக்கொள்ளத் தொக்கு, ஒரு கட்டி வெல்லம்.

வெள்ளி: தயிர் சாதம், மாதுளை, துருவிய கேரட், வறுத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம்.

கவனித்தீர்களா? இதில் ஒன்றுகூடப் புது ரெசிபி இல்லை. அளவு மாறியிருக்கிறது, பக்கத்தில் இருப்பது மாறியிருக்கிறது, அவ்ளோதான். ஒரு நாள் மொறுமொறுப்பு, ஒரு நாள் இனிப்பு, ஒரு நாள் புளிப்பு என்று வந்தாலே திறக்கும்போது ஒரு ஆர்வம் வரும்.

சென்னை வெயிலில் எது கெடும்?

இதில் மட்டும் ரிஸ்க் எடுக்க வேண்டாம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் வளர்ந்து, வாந்தி, வயிற்றுப்போக்கு தரும்.

அதனால் வழி இரண்டுதான். ஒன்று, வெப்பம் காக்கும் டப்பாவைக் கொதிநீர் ஊற்றி அலசி, ஆவி பறக்கும்போதே கட்டுவது. இல்லையென்றால் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் கட்டி, அலுவலகம் போனதும் ஃப்ரிட்ஜில் வைப்பது. அரைச் சூட்டில் மூடினால் மூடியில் வேர்த்து, சோறும் சொதசொதவென்று ஆகும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் வேலையா? தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு, முட்டை, பனீர் இவற்றை மே மாதத்தில் தவிர்த்துவிடுங்கள். வறுத்த கடலை, பொடி, புளிக்காய்ச்சல் பக்கம் போங்கள். தயிர் சாதம் புளிக்காமல் இருக்க வீட்டில் செய்வதுதான்: சோற்றை மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலக்கவும். மதியத்துக்குள் பதமாக உறைந்திருக்கும்.

எவர்சில்வர் டப்பாவை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. அங்கே சூடு பண்ணுவதாக இருந்தால் கண்ணாடி டப்பா.

அசைவம் கொண்டுபோகலாமா?

முட்டை, சிக்கன், கருவாடு எல்லாம் மலிவான, நல்ல புரதம். ஆனால் பலர் வீட்டில் சாப்பிடுவதை அலுவலகத்தில் திறக்கத் தயங்குகிறார்கள். 2014-ல் சென்னையின் ஒரு பெரிய நிறுவனம், கேன்டீனுக்கு அசைவம் கொண்டுவர வேண்டாம் என்று அனுப்பிய சுற்றறிக்கை நாடு முழுக்க விவாதமானது. எல்லோருடைய மைக்ரோவேவிலும் மீனைச் சூடு பண்ணாமல் இருப்பது ஒரு மரியாதை. சக ஊழியரின் முட்டையைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பதும் மரியாதைதான். டப்பா போரடிப்பதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம்.

கடைசிக் கேள்வி: இதையெல்லாம் யார் செய்வது?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். மேலே சொன்ன ஐந்து நாள் பட்டியல் அப்படியே அம்மாவுக்கோ மனைவிக்கோ வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆனால், இந்த 289 இன்னும் கூடும். டப்பா சுவாரசியமாகும், ஒருவருடைய காலை இன்னும் கனமாகும்.

எனவே ஞாயிறு சாயங்காலம் பயறு வேகவைப்பது, காய் நறுக்குவது, இரவு டப்பா கழுவுவது இவற்றில் இரண்டையாவது சாப்பிடுகிறவர் செய்யட்டும். ரூமில் தங்கியிருக்கும் நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஒரு வேலை, தலா பதினைந்து நிமிடம். அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒருவர் என்று எல்லோருக்கும் சுண்டலோ உசிலியோ கொண்டுவந்தாலும், வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் கூடுதல் வேலை, ஐந்து நாளும் ஐந்து வீட்டுக் கைமணம்.

இந்த ஞாயிறு ஐந்தும் செய்ய வேண்டாம். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். திங்கட்கிழமை அந்தச் சாதத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதை நீங்களே கட்டிப் பாருங்கள்.