திருமணம் இனியும் வேண்டுமா?

நம் சங்கத்து இளைஞர் சிலர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பியுள்ளனர். மனமொத்த இருவர் கூடி வாழ்வதற்குத் தாலி எதற்கு, மண்டபம் எதற்கு, பதிவேடு எதற்கு என்பதே அவ்வினா. பெரியோர் பலர் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டனர். காதைப் பொத்துவது விடையாகாது. நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்தின் பழங்கதையிலேயே இதற்கு விடை காணக்கூடும்.

இந்நகரில் அம்மவீடு என்னும் பெயருடைய பழைய மனைகளை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என அவை தாங்கிய பெயர்கள் எல்லாம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள ஊர்ப்பெயர்கள். திருவிதாங்கூர் மன்னர்களின் துணைவியர் வாழ்ந்த இல்லங்கள் அவை. மன்னனின் மனைவி இங்கே அரசி அல்லள். அம்மச்சி என்றே அழைக்கப்பெற்றாள். அவள் வயிற்றில் பிறந்த மகன் இளவரசனும் அல்லன். அரியணை மன்னனுடைய உடன்பிறந்தாள் மகனுக்கே உரியது. மருமக்கத்தாயம் என்பது இதுதான்.

நாயர் குடும்பங்களில் வழங்கிய சம்பந்தம் என்னும் உறவு மிக எளிய சடங்கினது. ஆடவன் பெண்ணுக்கு ஆடை கொடுத்தான், பெண் ஏற்றுக்கொண்டாள், அவ்வளவே. பிரிவதும் அவ்வாறே எளிது. பிள்ளைகளைப் பேணும் கடன் தந்தைக்கு இல்லை. தாயின் தறவாட்டுக்கும் அதனை ஆளும் காரணவருக்குமே உரியது. இது திருமணமே அன்று எனச் சிலர் இகழ்ந்தனர். 1891-ஆம் ஆண்டில் நம் தமிழர் சர் தி. முத்துசாமி ஐயர் தலைமையில் அமைந்த மலபார் திருமண ஆணைக்குழுவில், 'இந்துலேகா' நாவலை எழுதிய ஓ. சந்துமேனன் உறுப்பினராக இருந்தார். சம்பந்தமும் திருமணமே என்று அவர் மாறுபட்டு எழுதினார். அவர் கூற்றில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. அப்பெண்டிர் கணவன் விட்டுச் சென்றாலும் இறந்தாலும் தெருவில் நின்றவர் அல்லர். நம் பாட்டிமார் கைம்பெண்ணாகிப் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால், அவர்கள் நிலை எவ்வளவோ மேல்.

அங்ஙனமாயின் அம்முறை ஏன் மாறிற்று? ஆடவர் கல்வி கற்று உத்தியோகம் ஏற்று நகரங்களில் மனைவி மக்களோடு தனிக்குடித்தனம் புகுந்தனர். சம்பளத்தில் சேர்த்த பொருளோ, அவர் கண்மூடியதும் மருமக்களுக்குப் போயிற்று. கூடி வாழ்ந்த மனைவியும் மடியில் வளர்ந்த மக்களும் வெறுங்கையராயினர். மலபாரில் 1896-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பந்தத்தைப் பதிவு செய்ய வழி தந்தும் மிகச் சிலரே முன்வந்தனர். திருவிதாங்கூரில் 1912-இலும் 1925-இலும் இயற்றிய நாயர் சட்டங்கள் மனைவி மக்களுக்கு உரிமை அளித்து, தறவாட்டுச் சொத்தைப் பிரிக்கவும் இடமளித்தன.

இது மலையாளிகளின் கதைதானே என்று நாம் ஒதுங்கவும் இயலாது. தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரும் இம்முறையைக் கைக்கொண்டிருந்தனர். மக்களுக்கு உகந்துடைமை என ஒரு சிறு பங்கு, எஞ்சியது மருமகனுக்கு. இக்கொடுமையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் 'மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலில் எள்ளி நகையாடினார். காரணவர் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணே தன் கதையைச் சொல்வதாக அமைந்தது அந்நூல். சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குவோம். சிரிப்பு நெடுநேரம் நில்லாது. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்து அவ்வழக்கத்திற்கு முடிவு கட்டியது.

நம் இளைஞர்க்கு நான் சொல்ல விழைவது இதுவே. பதிவேடு இல்லாத உறவிலும் பெண் மானத்தோடு வாழ்ந்ததுண்டு. அவள் பின்னே தறவாடு நின்றதால் வாழ்ந்தாள். நமக்கு எந்தத் தறவாடு இருக்கிறது? சாலைத் தெருவிலும் கரமனையிலும் வாடகை வீடு. ஊரில் பங்கு பிரித்த காணி நிலம். தாய்மாமனோ திருநெல்வேலியிலோ மும்பையிலோ இருக்கிறார்.

இரயில்வே எழுத்தனாகிய என் மேசைக்கு வரும் தாள்கள் இதனை நாள்தோறும் மெய்ப்பிக்கின்றன. பாஸ், மருத்துவ அட்டை, குடும்ப ஓய்வூதியம் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை ஊழியர் எழுதித் தரும் குடும்ப விவரத் தாள். ஊழியர் ஒருவர் இறந்தபின் ஓர் அம்மையார் வந்தார். பல்லாண்டு கூடி வாழ்ந்தவர். இரு பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகளில் தந்தை பெயரும் இருந்தது. தாளிலோ அவர் பெயர் இல்லை, மணப்பதிவும் இல்லை. "அவருக்குச் சமைத்துப் போட்டதற்குச் சாட்சி வேண்டுமா, சார்?" என்று அவர் கேட்டார். பிள்ளைகளின் சான்றுகளை வாங்கிக்கொண்டு, வழக்குரைஞரைக் காணும்படி சொல்லி அனுப்பினேன். அதற்குமேல் செய்ய விதி என்னை விடவில்லை.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணமாகாமல் கூடி வாழும் பெண்ணுக்கும் காவல் தருகிறதே என்பர். உண்மையே. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து சென்ற வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியதைப் பார்க்கவேண்டும். அவ்விருவரும் உலகோர் கண்முன் கணவன் மனைவியாகவே விளங்கினரா, மணம் புரியத் தகுதி உடையவரா, நெடுங்காலம் கூடி வாழ்ந்தனரா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே அக்காவல் கிட்டும். மணம் வேண்டாமென்று போனவள், தன் வாழ்க்கை மணம் போன்றதே என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கவேண்டியவளாகிறாள்!

திருமணம் வேண்டும் என்பதால் ஆடம்பரமும் வேண்டும் என்று பொருளன்று. மூன்றாண்டுச் சம்பளத்தை மூன்று வேளை விருந்தில் கரைக்கும் நம்மவர் வழக்கத்தை இளைஞர் வெறுப்பது முற்றும் சரி. வரதட்சணையை 1961-இலேயே சட்டம் தடுத்துவிட்டது. நாம்தான் அதற்குச் 'சீர்' என்று புதுப்பெயர் சூட்டினோம். மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ புரோகிதரின்றிச் செய்யும் மணம் செல்லும் என்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அது தமிழ்நாட்டுக்கே உரிய திருத்தம். இங்கே எளிய மணம் விரும்புவோர்க்கு 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்புத் தேவை.

மற்றொன்று. வெளிநாட்டு விசாவுக்காகச் சடங்கு எதுவும் செய்யாமல் சான்றிதழ் மட்டும் பெற்றுவைப்போர் உளர். சடங்கின்றிப் பெற்ற சான்றிதழால் மட்டும் இந்துத் திருமணம் நிறைவேறிவிடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக உரைத்துவிட்டது. மணமும் நடக்கவேண்டும், பதிவும் நடக்கவேண்டும். கேரளத்தில் நடந்த மணத்தை 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி 45 நாட்களுக்குள் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பதியவேண்டும். ஊரில் போய் நடத்தினால் தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதியவேண்டும். மணம் முடித்து இரயிலேறித் திரும்பும் நம்மவர் பலர் அந்த 90 நாளை மறந்துவிடுகின்றனர். அரசு ஊழியராயின், சான்றிதழ் கைக்கு வந்ததும் அதன் படியொன்றை அலுவலகத்தில் கொடுத்துக் குடும்ப விவரத் தாளில் மனைவியின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புதலும் வாங்கிக்கொள்ளுங்கள்.