பெரியவர்கள் சொன்ன குறையில் பொய் எங்கே?

கடற்கரை ரிசார்ட்டுக்குப் பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ கூட்டிப்போய்விட்டு வந்த வீடுகளில் அடுத்த சில வாரங்களுக்கு ஒரே புலம்பல்தான். "எங்க கூட்டிட்டுப் போனாலும் இவங்களுக்குத் திருப்தியே கிடையாது." மாமனாருக்குக் கட்டில் தாழ்வு, மாமியாருக்குக் குளியலறை வழுக்கல், பெரியப்பாவுக்குச் சாப்பாடு தாமதம், அத்தைக்குப் பாட்டுச் சத்தம். இத்தனை பணத்தைக் கொட்டியும் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. தீர்ப்பும் கையோடு எழுதப்பட்டுவிடுகிறது: வயதாகிவிட்டால் பார்ப்பதெல்லாம் குறைதான், இவர்களுக்கு ரிசார்ட் எதற்கு, கோயில் குளம் என்று காட்டினால் போதும்.

தவறான தீர்ப்பு. அந்த நான்கு குறைகளையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கட்டில், தரை, நேரம், சத்தம். நான்குமே அளந்து பார்க்கக்கூடியவை. ஒரு டேப்பும் கடிகாரமும் இருந்தால் மாமனார் சொன்னது சரியா தப்பா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அளந்து பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. சுபாவத்தின் மேல் பழியைப் போடுவது சுலபமாக இருக்கிறது.

கடலே பெரியவர்களுக்குப் பிடிக்காது என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். திருச்செந்தூரில் விடியற்காலையில் கடலில் முங்கி எழுந்து நாழிக்கிணற்றுக்கு நடக்கிறவர்களில் நரைத்த தலைகளை எண்ணி முடியாது. எழுபதைத் தாண்டிய பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு புடவையோடு அலையில் உட்கார்ந்து, அடுத்த அலைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். இதற்குப் பக்தி மட்டும் காரணமாகிவிடாது. அக்னி தீர்த்தத்தில் கடல் குளம்போல் கிடக்கிறது. கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம், தண்ணீர்வரை ரோடு. ஈரப் புடவையோடு திரும்ப யாருக்கும் கூச்சமில்லை, ஏனென்றால் அங்கே எல்லாருமே ஈரம். அதே பாட்டி ரிசார்ட்டுக்கு வந்தால் குளத்தங்கரையில் ஒரு பலகை வரவேற்கிறது: நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது. பாட்டி நாற்காலியில் உட்காருகிறார். உட்கார்ந்தே இருந்தார், எதையும் ரசிக்கவில்லை என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள்.

சரி, குளம் வேண்டாம், கடலுக்கே போகலாம் என்றால், "பீச் ஃபேஸிங்" என்று விளம்பரம் செய்த அறையிலிருந்து கடல் எங்கே இருக்கிறது? 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊர்ப்புறக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்டக் கூடாது. 200-லிருந்து 500 மீட்டருக்குள் அனுமதி பெற்று விடுதி கட்டலாம். ஆனால் உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது, தரைத்தளமும் ஒரு மாடியும்தான். 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமுள்ள கிராமப் பகுதிகளில் அந்த 200-ஐ 50 ஆக்கியது. அதற்கு முன்பே கட்டப்பட்ட ரிசார்ட்டுகள் பின்தள்ளியே நிற்கின்றன. சட்டம் நல்ல சட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பக்கவிளைவைத்தான் அறை பதிவு செய்கிறவர்கள் யோசிப்பதில்லை. இரண்டே தளம் என்பதால் பல இடங்களில் லிஃப்ட் வைப்பதில்லை. கடல் தெரிகிற அறை என்று கூடுதல் பணம் வாங்குவது பெரும்பாலும் மாடி அறைக்குத்தான். ஆசை ஆசையாகப் பெரியவர்களுக்கு அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மா ஏன் கீழே இறங்கி வரவே மாட்டேன் என்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது?

இறங்கி வந்தாலும் நடை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில் காதில் விழக்கூடிய உரையாடல் இப்படித்தான் போகும்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"இதோ வந்துடுச்சு அத்தை, அந்தச் சவுக்கைத் தாண்டினா கடல்தான்."

சவுக்கைத் தாண்டினால் மணல்தான். தளர்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது என்று உடலியல் ஆய்வு ஒன்று 1998-லேயே அளந்து சொல்லிவிட்டது. இளைஞர்களை வைத்தே வந்த கணக்கு அது. முட்டி தேய்ந்தவருக்கு, செருப்புக்குள் சவுக்குக் காய் புகுந்து குத்தும்போது, 200 மீட்டர் என்பது அரைக் கிலோமீட்டர். போனால் திரும்பியும் வரவேண்டும் என்பதை அத்தை பாதி வழியிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார். "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் இங்கயே இருக்கேன்" என்கிறார். இதற்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் பிடிவாதம்.

இனி குளியலறை. ரிசார்ட் அறைகளில் மிகுந்த கர்வத்தோடு கட்டப்படுவது இதுதான், பெரியவர்கள் மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான். பளபளவென்று கறுப்புக் கல் பதித்த தரை. ஈரமானால் எங்கே காய்ந்திருக்கிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. குளிக்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. கண்ணாடி இருப்பதே மூக்கு இடித்த பிறகுதான் தெரியும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. கைக்கு எட்டுவது துண்டு போடும் கம்பி, அது ஆள் பாரத்துக்கு மாட்டியதல்ல. வாளி, குவளை, உட்கார ஒரு ஸ்டூல் மூன்றும் இல்லை; மழைபோல் கொட்டும் ஷவர் இருக்கிறது. அதன் குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் என்று குறி ஏதுமில்லை, இருந்தாலும் கண்ணாடி போடாமல் படிக்க முடியாது. குளிக்கும்போது யார் கண்ணாடி போட்டிருப்பார்கள்? இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போகிறவருக்கு, கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் விளக்கு ஸ்விட்ச் எங்கே என்பதே புதிர். இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணில் எட்டுகிறது. ரம்மியமாக இருக்கட்டும் என்று மங்கலாக வைத்த விளக்கு அவர்களுக்கு இருட்டு. கீழே விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் சாகிறார்கள், அறுபதைத் தாண்டியவர்களிடம்தான் அது அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "பாத்ரூம் சரியில்லை" என்று மாமியார் சொன்ன இரண்டு வார்த்தைக்குள் இத்தனையும் அடக்கம்.

சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். வீட்டில் ஏழு மணிக்கு இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்கிறவரை எட்டு மணிக்குத் திறக்கும் பஃபேக்காகக் காக்க வைக்கிறார்கள். எட்டு மணிக்குத் திறந்தாலும், குழந்தைகள் குளத்தைவிட்டு ஏறி, தலை துவட்டி, உடை மாற்றி வந்துசேர எட்டே முக்கால். கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையைப் பழக்கப்படி ஏழு மணிக்கே போட்டுவிட்டவருக்கு இடையில் சர்க்கரை இறங்கிவிடும். இறங்கினால் வரும் அறிகுறிகளில் வியர்வை, நடுக்கத்தோடு எரிச்சலும் உண்டு என்று எந்த மருத்துவரும் சொல்வார். ஆக, "இங்க வந்தும் சிடுசிடுன்னு இருக்காரு" என்று மகன் முகம் சுளிக்கும் அந்த நிமிடத்தில் அப்பாவுக்குத் தேவை ஒரு டம்ளர் ஜூஸ்.

மீனைப் பற்றிய குறையும் இப்படித்தான். "கடலோரம் வந்து ஐஸ் மீனைப் போடறான்" என்று பெரியப்பா சொன்னால் மேஜையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவர் சொல்வது சரி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் கொண்டுவருவது கொஞ்சம், விலையும் எகிறிக் கிடக்கும். பள்ளி விடுமுறை என்று நாம் கிளம்புவது சரியாக அந்த இரண்டு மாதங்களில்தான், அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில். வயதானால் தாகம் எடுக்கும் உணர்வே மங்கிவிடுகிறது; கேட்டுக் குடிக்க மாட்டார்கள், சோர்ந்து படுத்துவிடுவார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமையும் விடுமுறைதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காற்று குளிர்ந்து, வாடகையும் வார இறுதியைவிட இறங்கியிருக்கும் அந்த நாட்களில் மகனோ மகளோ ஒருவர் மட்டும் இரண்டு நாள் விடுப்பு எடுத்து அழைத்துப்போனால் என்ன? எல்லாரும் சேர்ந்து போனால்தான் சந்தோஷம் என்பது யாருடைய ஏற்பாடு என்று யோசித்தால், பெரியவர்களுடையதாக இருக்காது.

பெரியவர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று வாதாடவும் வேண்டாம். சில முனகல்கள் முனகல்கள்தாம். எந்த ஊரில் எந்த ஓட்டலில் காபி குடித்தாலும் கும்பகோணத்தை இழுக்கிற மாமாவை எந்த ரிசார்ட்டும் திருப்திப்படுத்தாது. பெரிய மகன் வீட்டுப் பயணத்தில் சின்ன மகனின் பெருமையைப் பேசுவது வேறு கணக்கு, அதற்கும் அறைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த நாலைந்தைக் காட்டி மற்ற அத்தனையையும் தள்ளுபடி செய்வது அநியாயம்.

காசைக் கூடப் போட்டு இன்னும் இரண்டு நட்சத்திரம் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் நட்சத்திரத் தகுதி கட்டாயமில்லை. விடுதிகள் விருப்பப்பட்டு மத்திய சுற்றுலா அமைச்சகத்திடம் விண்ணப்பித்துப் பெறுவது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை பற்றி அந்த விதிகளில் இருக்கிறது. ஆனால் முழு விடுதிக்கும் அப்படி ஓர் அறை இருந்தாலே கணக்கு முடிந்துவிடும். உங்களுக்குக் கிடைக்கப்போவது அதுதான் என்று யார் சொன்னது? பணம் ஏற ஏற மெத்தென்ற சோபா இன்னும் தாழ்கிறது, குளியலறைக் கல் இன்னும் பளபளக்கிறது, வரவேற்பறைக்கும் அறைக்கும் நடுவே தோட்டம் இன்னும் நீள்கிறது. நட்சத்திரம் வசதியைச் சொல்லும். முட்டியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வர்க்கலாவை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற செங்குன்றின் மேல் வரிசையாக விடுதிகள். கடல் கீழே, படிகள் வழியே. அதே வர்க்கலாவில் ஜனார்த்தனசுவாமி கோயில் பக்கம் தங்கினால் பாபநாசம் கடற்கரைக்கு ரோடே போகிறது. முன்னோருக்குப் பலி கொடுக்க வயதானவர்கள் காலங்காலமாக வந்துபோகும் வழி அது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், மேடு பள்ளமில்லாத தரை. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மணலில் கால் புதையாமல், ஹாரன் சத்தம் இல்லாமல், வேண்டிய இடத்தில் உட்கார்ந்து அலையைப் பார்க்கலாம். தனிக் கடற்கரை உண்டு என்று பெருமையடிக்கும் எத்தனை ரிசார்ட் இதைத் தரும்?

தரங்கம்பாடியின் கதை விசித்திரமானது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று தினமும் எத்தனையோ தம்பதிகள் திருக்கடையூருக்கு வருகிறார்கள். மாலை மாற்றி, கலசத் தண்ணீர் ஊற்றி, இலைச் சாப்பாடு முடிந்ததும் வேனில் ஏற்றி ஊருக்குத் திருப்பிவிடுகிறார்கள். பத்துக் கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1792-ல் எழுப்பிய நுழைவாயிலிலிருந்து கடல்வரை நேராகப் போகும் சமதளத் தெரு, கூட்டமில்லாத கரை. விழா நாயகர்களுக்கு அங்கே ஒரு சாயங்காலம் வேண்டுமா என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்?

கொஞ்சம் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை மெரினா காட்டியது. 2022 நவம்பரில் மாநகராட்சி அங்கே மணலின் மேல் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டது. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வாங்கிய பாதை. சக்கர நாற்காலியில் இருந்தவர்களும் கைத்தடி ஊன்றியவர்களும் அலையின் பக்கத்தில் போய் நின்றார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மாநகராட்சி சரிசெய்தது. பொதுக் கடற்கரையில் முடிகிற காரியம், ஓர் இரவுக்குப் பல ஆயிரம் வாங்கும் விடுதியின் சவுக்குத் தோப்புக்குள் ஏன் முடியவில்லை? யாரும் கேட்கவில்லை, அதுதான் காரணம். 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் 13.6 சதவீதம் பேர், கேரளத்தில் 16.5 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இத்தனை பேரில் விடுதிக்காரரிடம் நேராகப் பேச வாய்ப்புக் கிடைப்பவர் அபூர்வம். பேசுவது மகன், அதுவும் செயலியில், குளத்தின் படத்தைப் பார்த்து.

ஆகவே அடுத்த முறை இணையத்தில் பணத்தைக் கட்டுவதற்கு முன் விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். போட்டு, அதைப் பெரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். தரைத்தள அறை இருக்கிறதா, பாத்ரூமில் பிடிக்கக் கம்பி உண்டா, வாளியும் ஸ்டூலும் தருவீர்களா, ஏழு மணிக்கு இரண்டு இட்லி கிடைக்குமா, கடலுக்குப் போக ரோடா மணலா என்று அவரே கேட்டுக்கொள்வார். அந்தப் பக்கம் பதில் சொல்கிறவர் திணறினால், அந்த ரிசார்ட்டை விட்டுவிடுங்கள்.