பாட்டிலுக்குள் ஊர் மண் வேண்டாமே!

"மைசூர் மைன்ஸ் போறீங்களா? வரும்போது ஒரு பிடி மண் எடுத்துட்டு வாங்க, பாட்டில்ல செடி வச்சுக்கலாம்" என்று தெரிந்த குடும்பம் ஒன்று கேட்டது. மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் தோட்டம் (டெர்ரேரியம்) வைப்பதில் இங்கே ஆஸ்திரேலியாவில் நம் பிள்ளைகளுக்கு ஒரே மோகம். ஆசை புரிகிறது. ஆனால் என் கட்சி வேறு. பாட்டில் வையுங்கள், மண்ணை மட்டும் இருக்கிற ஊரிலேயே எடுங்கள்.

இந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்தவர் லண்டன் டாக்டர் நத்தானியல் வார்ட். 1829-ல் ஒரு கூட்டுப்புழு அந்துப்பூச்சியாவதைப் பார்க்க, ஈர மண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். மண்ணில் பெரணி தானாக முளைத்தது. உள்ளே ஆவியாகும் தண்ணீர் கண்ணாடியில் துளிர்த்து மண்ணுக்கே திரும்பிவிடுகிறது.

ஆனால் உதிரும் இலையை யார் காலி செய்வது? மரத்தடி இலைமக்கைக் கொஞ்சம் வெள்ளைத் தட்டில் உதறிப் பாருங்கள். எள்ளைவிடச் சின்னதாக ஏதோ துள்ளும். அதுதான் ஸ்பிரிங்டெயில். ஆறு கால் உண்டு, ஆனாலும் இப்போது அதைப் பூச்சி இனத்தில் சேர்ப்பதில்லை. வயிற்றுக்கடியில் மடித்து வைத்த கவையை விடுவித்தால் ஒரே தாவல்! பூஞ்சைதான் சாப்பாடு. இன்னொன்று, தொட்டால் உருண்டையாகிக்கொள்ளும். நண்டு, இறாலுக்குப் பங்காளி. நிலத்துக்கு வந்தும் செவுள் போன்ற உறுப்பு இருப்பதால் ஈரம் இல்லாமல் பிழைக்காது.

ஸ்பிரிங்டெயில் நச்சு மண்ணில் சரியாகக் குஞ்சு பொரிக்காது. அதை எண்ணியே மண்ணைச் சோதிக்க ஐஎஸ்ஓ தரநிலை உண்டு. நம் ஊரிலோ தங்கம் பிரித்த மணலைக் கொட்டிய சயனைடு மேடுகள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள், மேடுகள் போகவில்லை. காற்றடித்தால் தூசி ஊருக்குள் வரும். அது கலந்திருக்கக்கூடிய மண்ணைப் பிள்ளை கையில் கொடுக்க எனக்கு மனசில்லை.

'சொந்த மண்' என்பீர்கள். நம் தாத்தாக்களில் பலர் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கோலார் பக்கம் எங்கு பார்த்தாலும் நிற்கும் தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து போனது. அந்த மரத்துக்குச் சொந்த ஊர் இது. அதன் சருகைத் தின்று பழகிய உயிர்கள் இங்கே காலடியில் இருக்கின்றன. பிள்ளைகள் வளரும் மண்ணில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஊர்ப்பாசத்தைக் கதையாகச் சொல்லுங்கள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே மனிதர்கள் வேலை பார்த்தார்கள் என்று சொன்னால் வாயைப் பிளப்பார்கள். லீவுக்குப் போகும்போது ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். புங்க மரத்தடியில் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வரட்டும்.

டிஸ்கி: அனுமதி இல்லாமல் மண் கொண்டுவருவது ஆஸ்திரேலியாவில் சட்டவிரோதம். செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட ஏர்போர்ட்டில் சொல்லியாக வேண்டும் :-)